முப்பத்தொன்றாம் கேள்வி

பங்குனி பிறந்துவிட்டால் என் கடையில் அதிகமாக விற்கிற மாத்திரையை இதுவரை யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.

“அக்கா, அது ஒரு அட்டை குடுங்க.”

“எது?”

“அதான்க்கா.”

எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒருதரம் “எது” என்று கேட்பது என் கெட்ட குணம். வந்தவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். நான் கீழ் இழுப்பறையைத் திறந்து, காக்கிக் கவரில் போட்டு, கவர் வாயை இரண்டு மடிப்பு மடித்துக் கொடுப்பேன். அந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் பில் கிடையாது. பில் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது தப்பு என்று எனக்கும் தெரியும்.

மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை அது. வெள்ளூரணியில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் பதினைந்து நாள் விரதம். முளைப்பாரி போட்ட வீட்டுப் பெண் தினமும் அந்த இருட்டறைக்குள் போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். நடுவில் ‘தூரம்’ வந்துவிட்டால் உள்ளே போகக் கூடாது, பாரியைத் தலையில் எடுக்கவும் கூடாது. அம்மன் அருளால் அந்தப் பதினைந்து நாளும் யாருக்கும் வருவதில்லை என்பது ஊர்ப் பேச்சு. அம்மன் பாதி, என் கீழ் இழுப்பறை பாதி. மாத்திரை போட்டு விரதம் இருந்தவள் என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பாரியைக் கோயிலுக்குள்ளேயே விடமாட்டார்கள். அதனால் எல்லாருக்கும் தெரிந்தது யாருக்கும் தெரியாது.

இந்தக் கதைக்கு என் பெயர் முத்துப்பேச்சி. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், ஏன் என்பது கடைசியில் விளங்கும். எனக்கு நாற்பத்தாறு வயது. மருந்துக் கடை நடத்துகிறேன். கட்டினவனோடு ஒன்றரை வருஷம்தான் வாழ்ந்தேன். “பேச்சிக்கு வாய் நீளம், அதான் நிலைக்கல” என்று ஊரில் சொல்வார்கள். இருக்கட்டும். இவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டு, பேச வேண்டிய நாலு நாள் நான் பேசாமல் இருந்தேன். அந்த நாலு நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முதலில் நெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றில் அந்தக் கம்பெனி எங்கள் பக்கம் வந்தது. முடக்குவாதத்துக்குப் புது வைத்தியம், சோதனை முறையில், இலவசம். மேல் கையில் தோலுக்கு அடியில் ஒரு சிறு குப்பியை வைப்பார்கள். நெல் அளவுதான் இருக்கும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் எங்கள் பெண்கள் வாயில் நுழையவில்லை. “கையில நெல்லு வச்சாச்சா?” என்று கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. ஊருக்குள் ஆள் பிடித்து, பாரம் நிரப்பி, மாதம் ஒருதரம் ரத்தம் எடுத்து அனுப்ப அவர்களுக்கு உள்ளூரில் ஒருத்தி தேவைப்பட்டாள். மருந்துக் கடைக்காரி, நாலு எழுத்து படித்தவள், எல்லா வீட்டிலும் பழக்கம் உள்ளவள். என்னைப் பிடித்தார்கள்.

பயிற்சிக்குச் சென்னையிலிருந்து டாக்டர் மிருதுளா வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். நிறுத்தி, நிதானமாகப் பேசுவார். நான் வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன்.

“மேடம், இது ஏன் பொம்பளைங்களையே பிடிக்குது? எங்க ஊர்ல பத்துப் பேருக்கு மூட்டு முடங்குச்சுன்னா அதுல ஆம்பளை ரெண்டு மூணு பேரு தேற மாட்டான்.”

“நல்ல கேள்வி. பெண்ணோட உடம்புல நோயை எதிர்க்கிற படை கொஞ்சம் பலமானது. அதுக்கு அவளோட ஹார்மோனும் ஒரு காரணம். அதனாலதான் தடுப்பூசி போட்டா பெண்களுக்கு நல்லாப் பிடிக்கும். ஆனா அந்தப் படைக்குச் சில நேரம் ஆள் அடையாளம் தெரியாமப் போயிடும். சொந்த மூட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்கும். அப்ப வர்ற வீக்கமும் எரிச்சலும்தான் அழற்சி.”

“ஆம்பளைக்கு?”

“அவங்க ஹார்மோன் அந்தப் படையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். அதனால இந்த நோய் குறைச்சல். ஆனா காய்ச்சல் வந்தா பாருங்க, அவங்கதான் முதல்ல படுப்பாங்க.”

“அது வேற காரணம் மேடம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். கர்ப்பமான பெண்ணின் உடம்பு தன் படையைத் தானே சாந்தப்படுத்திக்கொள்ளும். வயிற்றில் இருக்கிற பிள்ளையில் பாதி வேறு ஆளுடையது, அதை அடித்துவிடக் கூடாது அல்லவா? அந்த மாதங்களில் முடக்குவாதக்காரிகள் பல பேருக்கு வலி தானாகவே குறையும். பிள்ளை பிறந்ததும் ஹார்மோன் சரசரவென்று இறங்கும், அப்போது வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரும். நெல் ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் அந்த ஹார்மோனை அளந்து பார்க்கும். உடம்பு தானாகச் சாந்தமாக இருக்கிற நாளில் கொஞ்சமாகவும், படை கிளம்புகிற நாளில் கூடுதலாகவும் மருந்தைக் கசிய விடும்.

“உண்டானா என்ன ஆகும் மேடம்?”

“நாள் தள்ளிப்போய், ஹார்மோனும் இறங்காம பத்து நாள் நின்னா, கர்ப்பம்னு நெல் முடிவு பண்ணும். மருந்து பிள்ளைக்கு ஆகாது. அதனால தானாப் பூட்டிக்கும். பாரத்துல இருக்கிற எண்ணுக்குத் தகவலும் போயிடும். ஸ்கேன் பார்த்து டாக்டர் அனுமதி குடுத்தாத்தான் மறுபடி திறக்கும்.”

மூளைக்காரர்கள் என்று மனதுக்குள் மெச்சினேன்.

பாரத்தில் நாற்பது கேள்விகள். அறுபத்து நாலு பெண்கள். முப்பத்தொன்றாவது கேள்வி, “வேறு ஹார்மோன் மருந்து எதையேனும் எடுத்துக்கொள்வதுண்டா?” என்பது. நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. ஒரே உட்காரலில், டீ ஆறுவதற்குள், அறுபத்து நாலு பாரத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. என் கீழ் இழுப்பறை எனக்கு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும் அதை மருந்து என்று நினைத்திருக்க மாட்டேன். எங்கள் ஊருக்கு அது திருவிழாச் சாமான். மஞ்சள், தேங்காய், மாவிளக்குத் தட்டு, அதோடு அது.

நாலாவது கேள்வி, குடும்பத் தலைவரின் போன் எண். அதை மட்டும் ஒழுங்காகக் கேட்டு எழுதினேன்.

தாரணி அந்த அறுபத்து நாலில் ஒருத்தி. அப்போது முப்பது வயது. புருஷன் கனிராஜ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இங்கே மாமியார் பொன்னுத்தாயும் ஆறு வயது மகளும். ரவிக்கையில் ஆரி வேலை செய்வாள். கொக்கி ஊசியால் துணிக்குள் ஜரிகையை வாங்கி வாங்கி அவள் போடுகிற மயிலைப் பார்க்க விருதுநகரிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் வருவார்கள். மிஷின் அதே மயிலைப் பத்து நிமிஷத்தில் போட்டுவிடும். ஆனாலும் கைவேலைதான் வேண்டும் என்று காத்திருப்பார்கள். அந்தக் கைக்குத்தான் முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பல் விளக்கிவிட மகள் வேண்டும் என்கிற நிலை.

நெல் வைக்கலாமா என்று கேட்டபோது, கர்ப்பமானால் தானாக நின்றுவிடுமா என்பதை மட்டும்தான் அவள் மூன்று தடவை கேட்டாள்.

“தானா நின்னுக்கிரும்னா சரிக்கா. அவுக அடுத்த கார்த்திகைக்கு வாராக. எனக்கு இன்னொண்ணு வேணும். ஒத்தப் பிள்ளையோட நிக்க எனக்கு மனசில்ல.”

“மருந்து பிள்ளைக்குத் தீங்குன்னா அது கொடுக்காது. கெட்டிக்கார நெல்லு” என்றேன் நான்.

ஆவணியில் வைத்தோம். ஐப்பசியில் கடைக்கு வந்து, என் கண் முன்னால் ஊசியில் நூல் கோர்த்துக் காட்டினாள். ஒரே தடவையில் கோர்த்தாள். இரண்டு பேருக்குமே கண்ணில் தண்ணீர். எனக்கு ஒரு ரவிக்கைக்கு மயில் போட்டுத் தந்தாள், காசு வாங்க மாட்டேன் என்றாள். பொன்னுத்தாய் பெரியம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மருமகள் கை சரியானதற்கு மூன்று வருஷம் அவளே முளைப்பாரி எடுப்பாள் என்று.

பங்குனியில் பெரியம்மா கடைக்கு வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஏத்தா பேச்சி, அது ரெண்டு அட்டை குடு” என்றாள்.

“ஒண்ணு பத்தாதா?”

“பாரி எடுக்குற வரைக்கும் இழுக்கணும்ல. நடுவுல அத்துப் போச்சுன்னா என்ன பண்றது?”

கொடுத்தேன். விற்ற கை இது. டிக் அடித்ததும் இதே கைதான்.

அந்த வருஷம் தாரணி வீட்டுப் பாரி ஒரு முழத்துக்கு வளர்ந்திருந்தது. பயிர் வெளுக்காமல், சாயாமல், நெருக்கமாக நின்றது. சுத்தமான கை என்று ஊரே பேசியது. ஊர்வலத்தில் மூன்றாவது வரிசையில் அவள் பாரியைத் தலையில் வைத்து வந்தாள். நானும் கூட்டத்தோடு குலவை போட்டுக்கொண்டு நடந்தேன். கனிராஜின் போன் மஸ்கட்டில் பேசியது அப்போதுதான்.

அந்தச் செய்தி எழுத்தாக மட்டும் வருவதில்லை. போன் அதைத் தேன் போன்ற ஒரு பெண் குரலில் வாசிக்கும். வேலை முடிந்து எட்டுப் பேர் படுக்கிற அறையில், மேஜை மேல் கிடந்த போன் தானாகச் சொன்னது: “வாழ்த்துகள் கனிராஜ். உங்கள் வீட்டில் ஒரு புது உயிர் உருவாகியிருக்கிறது. தாரணியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.” அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் எங்கள் தாலுகாக்காரர்கள். கனிராஜ் ஊருக்கு வந்துபோய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

பொன்னுத்தாய்க்குப் போன் வந்ததை நான் பார்த்தேன். காதில் வைத்தாள். முகம் மாறியது. ஆனால் ஊர்வலத்தை விட்டு அசையவில்லை. நடுவழியில் பாரியை இறக்கினால் ஊருக்கு ஆகாது. ஊருணி வரைக்கும் மருமகளுக்குப் பின்னாலேயே நடந்தாள், பாரியைத் தண்ணீரில் கரைக்கிற வரை நின்றாள். கரைத்து முடித்துக் கும்பிட்டு எழுந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திருவிழாக் களைப்பு என்று நான் நினைத்தேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே பெரியம்மா வந்து நின்றாள்.

“கலைக்கிற மாத்திரை இருக்கா?”

“யாருக்கு?”

மஸ்கட்டுக்குப் போன செய்தியை அவள் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்து நாள், ஹார்மோன், பூட்டு என்று டாக்டர் மிருதுளா சொன்னதெல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றது.

“பெரியம்மா, அவ உண்டாகல. நீங்க வாங்கிட்டுப் போனீகல்ல ரெண்டு அட்டை, அதுதான். அதப் போட்டா உடம்புக்குள்ள உண்டான மாதிரியே இருக்கும். நெல்லு ஏமாந்துருச்சு.”

“எந்த அட்டை?”

“நீங்கதான வந்து வாங்குனீக? இதே இடத்துல நின்னு.”

“நான் எப்பத்தா வாங்குனேன்? எங்க வீட்டுப் பாரி ஊர் மெச்சுன பாரி. மாத்திரையப் போட்டு அம்மனை ஏமாத்துற குடும்பமா எங்க குடும்பம்?” என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். “மெசினு பொய் சொல்லுமா? அறுபது பேரு கையில இருக்கு, எங்க வீட்டுல மட்டும் பொய் சொல்லுமா?”

கலைக்கிற மாத்திரை கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டு மிருதுளாவுக்குப் போன் போட்டேன். தாரணியோடு சேர்த்து ஒன்பது நெல் பூட்டியிருந்தது. மற்ற எட்டுப் பேருக்கும் புருஷன்மார் உள்ளூரில். அந்த வீடுகளில் செய்தியைக் கேட்டுவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் லட்டு வாங்கிவிட்டார்களாம்.

“மாத்திரை விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் மிருதுளா.

சொன்னேன்.

“முத்துப்பேச்சி, அதுக்காகத்தானே முப்பத்தொன்றாம் கேள்வி வச்சோம். நீங்க கேட்டீங்களா?”

“கேக்கல மேடம்.”

“விசாரணை முடியற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம். உங்க லைசென்ஸுக்கும் அதுதான் நல்லது. எல்லா நெல்லையும் இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம்.”

தாரணி வீடு என் கடையிலிருந்து மூன்று தெரு. நான் போகவில்லை. முதல் நாள், விசாரணை வரட்டும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், போனால் பெரியம்மா கத்துவாள், தெருவே கூடும் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஒரு பேச்சுக் காதில் விழுந்தது. மாத்திரையை நிறுத்தினதும் தாரணிக்கு உதிரம் போகத் தொடங்கியிருந்தது, ரொம்ப அதிகமாக. தள்ளிப்போட்டதுதான் திரும்பி வந்திருக்கிறது, கடையில் எனக்குத் தினசரி தெரிகிற விஷயம். ஊருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. “கலைச்சுட்டா” என்றார்கள். கனிராஜின் போனில் அந்தத் தேன் குரல் மறுபடி பேசியதாம்: “வருந்துகிறோம். உங்கள் வீட்டில் ஓர் இழப்பு நேர்ந்திருக்கலாம்.”

பூட்டின நெல்லுக்கு அளக்க மட்டும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

நான்காம் நாள் போனேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனேன்.

பின்கட்டு அறையில் பாயில் கிடந்தாள். முளைப்பாரி வளர்த்த அதே அறை. ஈர மண் வாசனை இன்னும் இருந்தது. மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. கையைப் பார்த்தேன், ஒவ்வொரு விரல் கணுவும் வீங்கிச் சிவந்து, தொட்டால் அடுப்புச் சூடு. பிள்ளை பெற்றவளுக்கு இறங்குவது போல ஹார்மோன் இறங்கியிருக்கிறது, படை கிளம்பிவிட்டது, தடுக்க வேண்டிய மருந்து தோலுக்கு அடியில் பூட்டிக் கிடக்கிறது. நாலு நாளாக யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போனால் அங்கே கேள்வி கேட்பார்களாம்.

“வந்துட்டீகளாக்கா” என்றாள். “நீங்க சொல்லுங்கக்கா. நீங்கதான குடுத்தீக. அத்த வாங்கிட்டு வந்து குடுத்தாக, நான் போட்டேன். நான் சொல்றதை யாரும் நம்ப மாட்டேங்காக.”

பெரியம்மா வாசலில் நின்றாள். “எம் மகன்கிட்டயே சொல்லு” என்று போனைப் போட்டு என் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் கனிராஜ். அழுது வீங்கின முகம்.

“தம்பி, அந்த மாத்திரை என் கடையில வாங்குனது. நான்தான் குடுத்தேன். உங்க அம்மாதான் வந்து வாங்குனாக. தாரணி மேல ஒரு குத்தமும் இல்ல.”

“அம்மா இல்லைங்காகளே. பில்லு இருக்காக்கா?”

“அதுக்குப் பில்லு போடுறதில்ல தம்பி.”

“சரி. இது உங்க கையெழுத்துதான?” அவன் ஒரு காகிதத்தைத் திரையில் காட்டினான். நான் நிரப்பிய பாரம். குடும்பத் தலைவருக்கு ஒரு நகல் போகும் என்று நானே விளக்கிச் சொல்லி அனுப்பிய நகல். “முப்பத்தொண்ணாவது கேள்வியப் பாருங்க. ஹார்மோன் மருந்து போடுறது உண்டா? இல்லைன்னு நீங்கதான டிக் அடிச்சிருக்கீக? அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாக்கா?”

“அன்னைக்குச் சொன்னதுதான் பொய்” என்றேன்.

“பொய் சொல்றவுக பேச்ச நான் எப்படி நம்புறது?”

போன் அணைந்தது. தாரணி என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று அந்த அறையில் இரண்டும் இரண்டடி தூரத்தில்தான் இருந்தன. பெரியம்மாவை ஒரு வார்த்தை கேட்கவிடாமல் தள்ளிவிட்டு, ஆட்டோ பிடித்து, தாரணியை நான்தான் மதுரைக்குக் கொண்டுபோனேன். இதயத்தைச் சுற்றி நீர் கோர்த்துவிட்டது, ரத்தக் குழாய்களிலும் அழற்சி பரவிவிட்டது என்றார்கள். நாலு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். டாக்டர்கள் இதைச் சொல்லாமல் இருந்தால் என்ன?

அதற்கு மூன்றாம் நாள் மிருதுளா காரில் தனியாக என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார்.

“ரத்தத்தைச் சோதிச்சுட்டோம். ஒன்பது பேரும் மாத்திரை போட்டிருக்காங்க. உள்ள போனா அது உடம்போட சொந்த ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும். நெல்லுக்கு வித்தியாசம் தெரியாது. இது நெல்லோட தப்பில்ல.”

“என் தப்பு மேடம். எழுதிக்கோங்க.”

“எழுதலாம். எழுதினா என்ன நடக்கும் தெரியுமா? பாரமே பொய்னு ஆயிடும். சோதனையையே ரத்து பண்ணிடுவாங்க. எல்லா நெல்லும் நிரந்தரமா நிக்கும். நின்னு ஒரு வாரம் ஆச்சு, ஏற்கெனவே எத்தனை பேருக்கு விரல் மடங்க ஆரம்பிச்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். காலையிலிருந்து கடை வாசலில் அவர்கள்தான் நின்றிருந்தார்கள்.

“இன்னொரு வழி இருக்கு. நீங்க முப்பத்தொன்றாம் கேள்வியைக் கேட்டீங்க, அவங்க இல்லைன்னாங்க. இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்குக் காலையில தகுதியுள்ள எல்லாரோட நெல்லும் திறந்துடும்.”

“அவளுகதான் பொய் சொன்னாளுகன்னு நான் எழுதிக் குடுக்கணும்.”

“மறைச்சாங்கன்னு. யாருக்கும் தண்டனை கிடையாது.”

“மருந்து திறந்தா தாரணி எந்திரிச்சிருவாளா?”

“சரியான நேரத்துல திறந்தா நிச்சயம் நல்லது” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. இப்போது யோசித்தால், அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பதினோரு பக்கம். மதுரையில் அவள் படுக்கை கண்ணுக்குள் நின்றது, வாசலில் இத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரே உட்காரலில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். டீ வாங்கி வைத்திருந்தேன், அது ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஐம்பத்தைந்து நெல் திறந்தது. மருந்தை மறைத்தவர்கள் சோதனையில் தொடரத் தகுதியற்றவர்கள் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததாம். ஒன்பது பெயரும் கீழே வரிசையாக இருந்தனவாம். நான் மிருதுளாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். “நீங்க படிச்சுட்டுத்தான் போட்டீங்கன்னு நினைச்சேன்” என்றார் நிறுத்தி, நிதானமாக.

அந்தக் காகிதத்தின் நகலும் குடும்பத் தலைவர்களுக்குப் போனது. அதைப் பார்த்துத்தான் கனிராஜ் நம்பினான். நான் முகம் பார்த்துச் சொன்ன உண்மையை நம்பாதவன், நான் கையெழுத்துப் போட்ட பொய்யை நம்பினான். மாத்திரைதான் காரணம் என்று கம்பெனியே எழுதியிருக்கிறதே. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, “இத ஏன் பாரத்துல சொல்லாம மறைச்ச? உன்னாலதான இவ்வளவும்” என்று தாரணியைக் கேட்டானாம். மன்னிப்புக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை.

நெல் இல்லாத தாரணிக்கு மதுரையில் பழைய வைத்தியம்தான். உயிர் போகாமல் இருக்கக் கடுமையான ஊசி, மாதம் ஒன்றாக ஆறு. பிழைத்தாள். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டன. ஆரிச் சட்டத்தை விற்றுவிட்டார்கள். நெல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது, எடுக்க யாரும் வரவில்லை. மற்ற எட்டுப் பேரில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. என் லைசென்ஸ் பத்திரமாகக் கடைச் சுவரில் தொங்குகிறது.

இந்தப் பங்குனியில் மாமியாரும் மருமகளும் கடைக்கு வந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. பெரியம்மா வலித் தைலம் கேட்டாள். நேர்ந்தது மூன்று வருஷம், அதில் இது இரண்டாவது. கை சரியானதற்கு நேர்ந்தது, அந்தக் கை இப்போது இப்படி இருக்கிறது, ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதானே என்றாள். தைலத்தை எடுத்து வைத்துவிட்டு, என் கை பழக்க தோஷத்தில் கீழ் இழுப்பறைக்குப் போய் ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தது. தாரணி கையில் வேலை செய்கிற நெல் இல்லை, இனி போட்டால் என்ன என்று நினைத்தேனோ என்னவோ.

தாரணி அதை மணிக்கட்டால் என் பக்கம் தள்ளினாள்.

“எனக்கு வேண்டாம்க்கா.”

“பாரி எடுக்கணும்ல தாரணி?”

“எடுக்கணும். ஆனா இது வேண்டாம். ஊசி போட்டதுல நின்னு போச்சு. ஏழு மாசம் ஆச்சு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாக.”

முப்பத்தொரு வயது அவளுக்கு.

“அம்மனாப் பாத்து என் மருமகளச் சுத்தமாக்கிட்டா பேச்சி” என்றாள் பெரியம்மா. சத்தியமாகச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். “இந்த வருசம் மொதப் பாரி எங்க வீட்டுதுன்னு கோயில்ல சொல்லிட்டாக. இனி எந்த வருசமும் பயமில்ல.” தைலத்தை மடியில் கட்டிக்கொண்டு படி இறங்கி, ஆட்டோவைக் கூப்பிடப் போனாள்.

தாரணி இறங்கவில்லை. மேஜை மேல் சாய்ந்த விரல்களை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கார்த்திகையில அவுக வந்துட்டுப் போனாகக்கா. இன்னொரு பிள்ளைக்கு ஆசையா இருக்காக. பேருகூட யோசிச்சு வச்சிருக்காக. நான் சொல்லல. அத்தையும் சொல்லல. சொன்னா ஏன் நின்னுச்சு, யாரு மாத்திரை வாங்குனதுன்னு முதல்லருந்து கேப்பாகல்ல.”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை, மன்னிப்பாகத்தான் இருக்கும்.

அவள் கேட்க நிற்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“உங்ககிட்ட மட்டுந்தான்க்கா சொல்றேன். நீங்க பேசாம இருப்பீகன்னு எனக்குத் தெரியும்.”